போருக்குப் போன நாற்காலி

"பெரியவரே, உங்க நாற்காலி போருக்குப் போயிருக்கு. நீங்க போகலை."

முன்னாள் வீரர் அலுவலகத்து ஆவணப் பிரிவு அம்மா இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மேசையில் கிடந்த இரண்டு பழைய கோப்புகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காய்ச்சல் எவ்வளவு என்று சொல்கிற நர்ஸ் மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். சலூன்காரருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத எதற்கும் வழக்கமாகச் செய்வதையே அவர் இப்போதும் செய்தார். முகம் மலர்ந்து, தலையை நன்றாக ஆட்டி, "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

பக்கத்தில் நின்ற மகள் தலையில் அடித்துக்கொண்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் அவள். கைப்பையிலிருந்து ஒரு பழைய மருந்துச் சீட்டை எடுத்து, அதன் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். படித்தவருக்கு முகம் சுருங்கிப்போனது.

"நாற்காலி எப்படிம்மா தனியாப் போகும்? அதுக்கென்ன காலா இருக்கு? நான்தானே தூக்கிட்டுப் போனேன்!"

நாற்காலிக்குக் கால் உண்டு, அதுவும் நான்கு உண்டு என்று அந்த அம்மா எடுத்துச் சொல்லவில்லை. நல்ல மனசு. ஆனால் சலூன்காரர் போட்ட சத்தத்தில், சுவரோரம் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த முன்னாள் வீரர்கள் எல்லாரும் விழித்துக்கொண்டு, யாரோ அணிவகுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார்கள்.

நடந்தது இதுதான். மீசை அரும்பும் வயதில் அவர் படையில் சேர்ந்தார். துப்பாக்கி பிடிக்க இல்லை, முடி வெட்ட. பின்தளத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, அவர். போர் தொடங்கிச் சில மாதங்களில் முன்வரிசையிலிருந்து புகார் வந்தது. அங்கே எல்லார் தலையிலும் பேன் குடித்தனம் பண்ணுகிறது, உடனே ஆள் அனுப்புங்கள் என்று. அந்தப் படையில் ஓர் ஆளை இடம் மாற்ற மேலேயிருந்து கீழே வரை கையெழுத்து வேண்டும். பொருளை மாற்றுவதென்றால் கிடங்குக்காரர் கையெழுத்து மட்டும் போதும். கிடங்குக்காரர் கெட்டிக்காரர். தாளை எடுத்து, 'முடிவெட்டும் நாற்காலி, உபகரணங்களுடன்' என்று எழுதி அனுப்பிவிட்டார். அந்த உபகரணங்களில் ஒன்றுக்கு அரும்பு மீசையும், ஊரில் கவலைப்படுகிற ஓர் அம்மாவும் இருந்ததை அவர் எழுதவில்லை. எழுதக் கட்டம் இல்லை.

ஆக, கோப்பின்படி நம்மவர் போர் முடியும்வரை பின்தளத்தில் சுகமாக இருந்தார். நாற்காலியோ முன்வரிசைக்குப் போய், பதுங்குகுழிகளின் நடுவே பணியாற்றி, கடைசியில் 'எதிரி தாக்குதலில் அழிந்தது' என்று மரியாதையோடு கணக்கு முடிக்கப்பட்டிருந்தது.

"வீரமரணம் அப்பா" என்று மகள் எழுதிக் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை.

இத்தனை வருடமாக அவரும் இதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லைதான். போர் முடிந்து வந்தார், கடைவீதியில் சலூன் வைத்தார், கல்யாணம் பண்ணினார். வாசலில் ஒரு பலகை மாட்டினார்: 'ஒரு துளி ரத்தம் சிந்தாத சலூன்'. அந்தப் பலகை அவருக்கு உயிர். புது வாடிக்கையாளர் யார் வந்தாலும் முதலில் அதைப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் துண்டைப் போர்த்துவார். வலது காது போர்முனையில் குண்டு விழுந்தபோதே போய்விட்டது. முடி வெட்டுகிறவனுக்குக் கண்ணும் கையும் இருந்தால் போதும், வாடிக்கையாளர் பேசுவதைக் கேட்டால் தலைவலிதான் வரும் என்பது அவர் கட்சி. இடது காதும் வயதோடு மெல்ல மெல்லக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் அவர் பொருட்படுத்தவில்லை.

பொருட்படுத்த வைத்தது அவர் மனைவி.

அந்த அம்மா பேச்சுக்குப் பேர்போனவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசுவார், இவர் "ம்" கொட்டுவார். நன்றாக ஓடிய குடும்பம் அது. போன வருடம் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் குரல் நூலாக இளைத்துவிட்டது. காதை வாயருகே வைத்தால்தான் கேட்கும், அதுவும் நல்ல காதாக இருந்தால். சமையலறையிலிருந்து புருஷனைக் கூப்பிடத் தட்டில் கரண்டியால் அடிப்பார். சலூனுக்கு வருகிறவர்கள், "கொடுத்து வெச்சவர்யா நீர், நாங்கள்லாம் தவம் கிடக்கிறோம்" என்று கேலி பண்ணினார்கள். முதலில் அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவரை இப்போது யாரும் திட்ட வேண்டாம். அவரே வேண்டிய மட்டும் திட்டிக்கொண்டுவிட்டார்.

ஒரு சாயங்காலம் மனைவி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இவர் எதிரே நாற்காலியில். அந்த அம்மா தலையைத் தூக்காமல் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நீளமாகச் சொன்னார். நடுவில் நிறுத்தி, திரும்பத் தொடங்கினார். இவர் பழக்கத்தில், "ம்... ம்... சரி... பாத்துக்கலாம்" என்றார். மனைவி நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைந்ததில் இவருக்குப் புரிந்தது: 'நான் என்ன சொன்னேன்?'

"தண்ணித் தொட்டி ஒழுகுதுன்னு" என்று குருட்டாம்போக்கில் அடித்துவிட்டார்.

மனைவி சிரித்தார். சத்தமே இல்லாத சிரிப்பு. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாய்தான் சிரித்தது, கண் சிரிக்கவில்லை என்பதை இவர் பார்த்துவிட்டார். பின்னாலேயே போய், "என்ன சொன்னே, எழுதிக் காட்டு" என்று கெஞ்சினார். அந்த அம்மா கையை ஆட்டி மறுத்துவிட்டார். மகளை விட்டுக் கேட்டும் "ஒண்ணுமில்லடி"தான் பதில். அன்றிலிருந்து சலூனிலும் அவருக்கு அதே நினைப்புதான். வெட்டுகிற கை வெட்டும், மனசு மட்டும் வெங்காயத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கடையில் வாங்கிய காதுக் கருவி ஒன்று ஏற்கனவே வீட்டில் இருந்தது. அது பேச்சைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்க வைத்தது. பழைய பிளேடுகளோடு இழுப்பறையில் கிடக்கிறது. முன்னாள் வீரர் மருத்துவமனையில் காதுக்குப் பின்னால் எலும்பிலேயே பொருத்துகிற கருவி இருப்பதாக மகள் விசாரித்து வந்தாள். போரில் காது போனவர்களுக்கு அதை வைத்துவிடுவார்களாம். வெளி ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ளலாம், நானே செலவழிக்கிறேன் என்றாள். அவர் பிடி கொடுக்கவில்லை. "வெட்டிக்கிட்டவன்தான் கூலி கொடுக்கணும். என் காதை எடுத்தது போர். நீ ஏன் கொடுக்கணும்?" என்றார். அதற்குமேல் அவரிடம் பேச ஆளில்லை.

அப்படித்தான் ஆவணப் பிரிவுக்கு வந்தார்கள். வந்த இடத்தில் நாற்காலி குறுக்கே நின்றது.

"நான் நம்புறேன் பெரியவரே" என்று அந்த அம்மா இந்த முறை தானே ஒரு தாளில் எழுதிக் காட்டினார். "ஆனா நாற்காலியைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. குண்டு விழுந்த அன்னைக்கு உங்களை அங்கே பார்த்த ஒருத்தர் வந்து சொல்லணும். அப்படி யாராவது இருக்காங்களா?"

சலூன்காரர் அதைப் படித்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இருந்தார் ஒருவர். கேப்டன். இந்த ஊரிலேயே, நான்கு தெரு தள்ளி. ஆனால் அவரைக் கூப்பிட்டால் பலகை போய்விடும்.

ஏனென்றால், அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது கேப்டன். பின்னால் நின்று கத்தரி பிடித்திருந்தது இவர். முதல் குண்டு பக்கத்தில் விழுந்தது. இவருக்கு வலது காதில் உலகம் அணைந்துபோனது. கை ஒரு முறை, வாழ்நாளில் ஒரே ஒரு முறை, நழுவியது. கேப்டனின் இடது காதின் மேல் நுனி கத்தரியோடு வந்துவிட்டது. இரண்டு பேரும் குழிக்குள் உருண்டார்கள். அடுத்த குண்டு நாற்காலியை எடுத்துக்கொண்டது. கேப்டன் அதை வெளியே சொல்லி அவர் தொழிலைக் கெடுக்கவில்லை. எவ்வளவு பெரிய மனுஷன் என்று சலூன்காரர் இன்றுவரை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மகளிடம் கத்தரி விஷயத்தைச் சொல்லாமலே, "குண்டு விழுந்த அன்னைக்கு கேப்டனும் அங்கே இருந்தார். வா, அவரைப் பாக்கணும்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

கேப்டன் பிறகு பெரிய பதவிகளுக்கெல்லாம் போனவர். ஆனாலும் ஊருக்கு அவர் கேப்டன்தான். கதவைத் திறந்து சலூன்காரரைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. "என்னம்மா, டீ போடு. நிதானமாப் போடு" என்று மருமகளை உள்ளே அனுப்பிவிட்டு, கூடத்துக் கதவைச் சாத்தினார். படையில் கத்திக் கத்திப் பழகிய குரல் அவருக்கு. நேரே நின்று பேசினால், சலூன்காரரின் இடது காதில் அந்த ஒரு குரல் மட்டும் எப்படியோ ஏறிவிடும்.

"இத்தனை வருஷம் வாயைத் திறக்காம இருந்தியே. இப்போ என்னய்யா வந்துச்சு?"

"நானா? நீங்கதானே சார் என்னைக் காட்டிக் கொடுக்காம இருந்தீங்க!"

"நான் உன்னைக் காட்டிக் கொடுக்கறதா? என்ன உளர்றே?"

மகளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பேச்சை நல்லபடியாகத் தொடங்கி வைப்போம் என்று அவள்தான் வாயெடுத்தாள். "வருஷா வருஷம் நினைவு நாள் கூட்டத்துல நீங்க பேசுறதை நான் சின்னதிலேர்ந்து கேட்டிருக்கேன் சார். தனியா எதிரியை நோட்டம் பாக்கப் போனப்போ குண்டுச் சிதறல் வந்து உங்க காதை அறுத்துட்டுப் போச்சே. அந்த நாள்தான் சார். எங்கப்பாவும் அன்னைக்கு அங்கேதான் இருந்தாராம்." சொன்னதையே சீட்டில் எழுதி அப்பாவிடமும் நீட்டினாள்.

சலூன்காரர் அதைப் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு கேப்டனின் காதைப் பார்த்தார்.

"குண்டுச் சிதறலா?" என்றார்.

கேப்டன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "யோவ், நீ ஒவ்வொரு வருஷமும் கடைசி வரிசையில எழுந்து நின்னு கைதட்டுவியே! உன் தொழிலைப் பத்திக்கூடக் கவலைப்படாம, என் மானத்தைக் காப்பாத்துறியேன்னு நான் எத்தனை ராத்திரி..."

"எல்லாரும் தட்டினாங்க சார், நானும் தட்டினேன். மைக்ல பேசினா எனக்கு வெறும் இரைச்சல்தான். எனக்கு என்ன கேட்டுச்சு?"

குட்டு இப்படியாக இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உடைந்தது. சலூன்காரர் காது கேட்காமல் கைதட்டியதைக் கேப்டன் பெருந்தன்மை என்று நினைத்தார். கேப்டன் தன் பொய்யைக் காப்பாற்றப் பேசாமல் இருந்ததை, தன் தொழிலைக் காப்பாற்றத்தான் என்று சலூன்காரர் நினைத்தார். ஆக மொத்தம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இத்தனை காலமும் கும்பிட்டபடியே வாழ்ந்திருக்கிறார்கள். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நடந்ததை ஆவணப் பிரிவில் வந்து சொல்ல வேண்டும் என்றதும் கேப்டன், "முடியாது" என்றார். "நீ அங்கே இருந்தேன்னு மட்டும் சொல்றேன். காதை இதுல இழுக்காதே."

"நீங்க தனியாப் போனதாத்தானே சார் உங்க கோப்புல இருக்கும். நான் எப்படி அங்கே வந்தேன்னு அந்த அம்மா கேக்குமே."

"என் பேரன் பரீட்சைக்குப் போறப்பல்லாம் இந்தக் காதைத் தொட்டுட்டுத்தான்யா போறான். அவன்கிட்ட நான் என்ன சொல்ல?"

சலூன்காரர் வாதாடவில்லை. அது அவருக்கு வராது. தோளில் கிடந்த துண்டை மடித்து மடித்துப் பிரித்துவிட்டு, "என் பொண்டாட்டி என்னமோ சொன்னா சார். நான் ம் போட்டேன். என்ன சொன்னாள்னு தெரியலை" என்றார். குரல் கொஞ்சம் உடைந்தது. அவ்வளவு சத்தமாக உடைந்த குரலை மகள் அதற்குமுன் கேட்டதில்லை.

கேப்டனின் மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். மருமகள் டீயோடு வந்து, சாத்திய கதவைத் தட்டினாள். "ஆபீஸ் நாளைக்கு உண்டா?" என்று கேட்டார் கேப்டன்.

மறுநாள் ஆவணப் பிரிவில் நடந்ததைப் பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் தூங்காமல் பார்த்தார்கள். கேப்டன் தொப்பியைக் கழற்றினார். காதை அந்த அம்மாவின் பக்கம் திருப்பிக் காட்டினார். முதலில் பழக்க தோஷத்தில், "குண்டுச் சிதறல்..." என்று தொடங்கினார். அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். தையற்காரர் வெட்டியதுபோல நேராக, சுத்தமாக ஒரு வெட்டு.

"யாருக்கு சார் காது குத்துறீங்க?" என்றார் அந்த அம்மா.

"கத்தரிதான்" என்று மென்று விழுங்கினார் கேப்டன். "இவன்தான் வெட்டினான். தனியா எல்லாம் போகலை. முடி வெட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

மகள் எழுதிக் காட்டியதும் சலூன்காரருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நான் எங்கே வெட்டினேன்? என் கை நழுவுற கையா? குண்டு விழுந்துச்சு, கத்தரி பட்டுச்சு!"

"பட்டுச்சா? துண்டா வந்துச்சுய்யா! குழிக்குள்ள நின்னுக்கிட்டு அதை என் கையில வேற கொடுத்தே!"

"வாடிக்கையாளர் பொருளை வாடிக்கையாளர்கிட்டதானே சார் கொடுக்கணும்!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அந்த அம்மா மட்டும் சிரிக்காமல் பேனாவைத் திறந்தார். எழுதி முடித்து உரக்கப் படித்தார். 'எதிரியின் குண்டு அருகில் விழுந்ததால், முடி வெட்டிக்கொண்டிருந்தவரின் வலது செவி பழுதுற்றது. அதே அதிர்ச்சியில் கத்தரிக்கோல் பட்டு, அமர்ந்திருந்தவரின் இடது காது காயமுற்றது. இரண்டும் போர்க்காயங்களே.' கேப்டன் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். போர்க்காயம் போர்க்காயமாகவே இருந்ததில் அவருக்கு உயிர் வந்தது. அடுத்து வாங்கிப் படித்த சலூன்காரருக்கும் 'பட்டு' என்ற சொல்லில் திருப்தி. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நாற்காலியின் கோப்பைக் கட்டி அந்த அம்மா அலமாரியில் வைத்தார். அதில் திருத்த ஒன்றும் இல்லை. அது உண்மையிலேயே போருக்குப் போன நாற்காலிதான்.

போகும்போது கேப்டன் வாசலில் நின்று, "பேரன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார். சொன்னார் என்றும், பையன், "அப்போ தாத்தா, கத்தரியைத்தான் தொடணுமா?" என்று கேட்டுக்கொண்டு சலூனுக்கு வந்து நின்றான் என்றும் கடைவீதியில் பேச்சு. பலகையை சலூன்காரர் கழற்றவில்லை. 'ஒரு துளி ரத்தம் சிந்தாத சலூன்' என்பதற்குக் கீழே, சின்ன எழுத்தில், 'போர்க்காலம் நீங்கலாக' என்று அவரே எழுதிவிட்டார்.

மருத்துவமனையில் கருவியைப் பொருத்தி, காயம் ஆறி, ஒரு நாள் அதை இயக்கி வைத்தார்கள். வரும் வழியெல்லாம் அவருக்குத் திகைப்பு. பஸ் மணி, செருப்புச் சத்தம், யாரோ மூக்கு சிந்துவது, எல்லாம் உள்ளே வந்து இடித்தன. மகள் அவரை வீட்டு வாசலில் விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். உள்ளே மனைவி அதே மேசையில் உட்கார்ந்திருந்தார். மனைவி தன் இடது பக்கம் இருக்கும்படி அவர் உட்காரப் போனார், அத்தனை வருடப் பழக்கம். பிறகு நினைவு வந்து, மனைவியைத் தன் வலது பக்கம் வரச் சொன்னார். கல்யாணமானதிலிருந்து அந்த அம்மா அவரது வலது பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை.

"கேக்குதா?" என்றார் மனைவி. மெலிந்த குரல்தான். ஆனால் முழுசாகக் கேட்டது.

அவர் தலையை ஆட்டினார். பிறகு, "அன்னைக்கு என்ன சொன்னே?" என்றார்.

"என்னைக்கு?"

"வெங்காயம் உரிச்சப்போ. தண்ணித் தொட்டின்னு சொன்னேனே."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதை விடுங்க. உங்களுக்குக் காது கேக்காதுங்கற தைரியத்துலதான் அன்னைக்கு சொன்னேன்."

"இப்போ சொல்லு."

அந்த அம்மா மேசைத் துணியின் சுருக்கத்தை இழுத்து இழுத்து நேராக்கினார். "பயமா இருக்குன்னு சொன்னேன். கட்டி திரும்ப வந்துடுமோன்னு. ராத்திரி முழிச்சுக்கறேன். யார்கிட்டயும் சொல்லலை. அவ்வளவுதான்."

இத்தனை வருடமும் "ம்" கொட்டியே குடும்பம் நடத்தியவருக்கு இந்த முறை அது வரவில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். செவிட்டுக் காதுக்காரருக்கே உரிய குரலில் சொன்னதால், பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது, தெருவில் போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

மனைவி அவர் கையைப் பிடித்து அழுத்தினார். "மெதுவாச் சொல்லுங்க" என்றார். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."